துர்க்குவில் வழிகாட்டிக்குக் காசு கொடுக்க வேண்டிய இடங்கள்

துர்க்கு நகரத்தின் ஔரா ஆற்றங்கரையை வழிகாட்டி வைத்துச் சுற்றிப் பார்ப்பது வீண் செலவு. சுற்றுலா நடத்துகிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்லாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் இருக்கும் இந்த ஊரில் என் மகள் வேலை பார்க்கிறாள். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோடைக்காலங்களில் அங்கே போய்த் தங்குகிறேன். மகளும் மருமகனும் காலையில் கிளம்பிவிட்டால் மாலைவரை வீட்டில் பேச ஆள் கிடையாது. அதனால் ஊரில் அறிவிக்கப்படும் குழுச் சுற்றுலாக்களில் ஒவ்வொன்றாகச் சேர ஆரம்பித்தேன். பென்ஷன் பணத்தில் போகிறவளுக்குக் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்கிற புத்தியும் கூடவே வரும். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் என்னைப் போன்ற பெற்றோர்களுக்கும், ஐரோப்பியப் பயணத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே தங்குகிறவர்களுக்கும் பயன்படலாம்.

ஆற்றங்கரை எதற்கு வேண்டாம் என்றால், அங்கே எல்லாமே கண்ணுக்கு முன்னால் திறந்து கிடக்கிறது. பேராலயத்தில் ஆரம்பித்துக் கோட்டைவரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் சமதளம். வழி தவற வாய்ப்பே இல்லை. ஆறு கூடவே வரும். 1300-இல் அர்ப்பணிக்கப்பட்ட பேராலயம், கரையோரம் கட்டிப்போட்டிருக்கும் உணவகப் படகுகள், 1902-இல் பிரான்சில் கட்டப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக நிற்கும் சுவோமென் யோட்சென் என்ற வெள்ளைப் பாய்மரக் கப்பல் என்று ஒவ்வொன்றாக வரும். நடுவே ஃபோரி. ஆற்றின் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் ஆரஞ்சு நிறப் படகு அது. 1904-இலிருந்து ஓடுகிறது. முதலில் நீராவி, பிறகு டீசல், 2017-இலிருந்து மின்சாரம். டிக்கெட் கிடையாது. இரண்டு நிமிடத்துக்குள் அக்கரை. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் 'ஆற்றுக்கு இந்தப் பக்கம்', 'ஆற்றுக்கு அந்தப் பக்கம்' என்று ஊரை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். எந்தப் பக்கம் உசத்தி என்பது பேசுகிறவர் வீடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது.

கோட்டைக்குப் போகும் வழியில் மின்நிலையப் புகைபோக்கி ஒன்றில் செங்குத்தாக 1, 1, 2, 3, 5, 8 என்று 55 வரை எண்கள் சிவப்பாக எரியும். ஒவ்வொரு எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வரும் ஃபிபொனாச்சி வரிசை. மாரியோ மெர்ட்ஸ் என்ற இத்தாலியக் கலைஞர் 1994-இல் வைத்தது. ஜூன் மாதத்தில் இரவு பதினொன்று ஆனாலும் வெளிச்சம் போகாது என்பதால் அதன் அழகு தெரியாது. ஆகஸ்ட் கடைசியில்தான் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு வழிகாட்டி வேண்டுமா? ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் இலவசமாகத் தரும் வரைபடம் போதும். 1896-இல் கட்டிய சந்தைக் கூடத்தில் சால்மன் சூப்பும், தீவுப்பகுதியின் இனிப்பான கறுப்பு ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நடந்தால் அரை நாள் இன்பமாகப் போய்விடும்.

பஸ்ஸில் உட்கார்த்தி ஊரைக் காட்டும் சுற்றுலா ஒன்றிலும் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இறங்கிய இடங்களில் எல்லாம் கால் மணி நேரம். அதில் பாதி எங்கள் தலைகளை எண்ணுவதில் கழிந்தது. ஜன்னலுக்கு வலது பக்கம் பாருங்கள், இடது பக்கம் பாருங்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. கால் நடக்க முடியாதவர்களுக்கு வேண்டுமானால் அதைச் சொல்லலாம். மற்றவர்கள் நகரப் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள். ஒரு டிக்கெட் 2 மணி நேரம் செல்லும். ஒரு பஸ் கோட்டைவரை போகும், இன்னொன்று ருயிஸ்ஸலோ தீவின் ஓக் மரக் காட்டுக்குள் கொண்டுபோய் விடும்.

அப்படியானால் வழிகாட்டி எங்கே தேவை? கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத இடங்களில். துர்க்குவில் அப்படி முதலில் வருவது, இப்போது இல்லாத ஊர்.

1827 செப்டம்பர் 4 இரவு இந்த ஊர் எரிந்தது. நார்டிக் எனப்படும் வட ஐரோப்பிய நாடுகளின் வரலாற்றில் அவ்வளவு பெரிய நகரத் தீ வேறில்லை என்கிறார்கள். முக்கால் பங்கு ஊர் போயிற்று. சுமார் 11,000 பேர் வீடிழந்தார்கள். அதன் பிறகு கார்ல் லுட்விக் எங்கெல் என்ற கட்டடக் கலைஞர் போட்டுத் தந்த திட்டத்தின்படிதான் இன்றைய அகலமான தெருக்கள் வந்தன. அடுத்த தீ ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குத் தாவக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அகலமும், நடுநடுவே மரங்களும். தெருவில் சும்மா நடப்பவருக்கு இது தெரியாது. 'நல்ல அகலமான தெரு, மரம் வைத்திருக்கிறார்கள்' என்று போய்விடுவார். நானும் முந்தைய கோடை முழுவதும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

தீயில் தப்பிய மூலை ஒன்று உண்டு. லுவோஸ்தரின்மாகி என்ற குன்றுச் சரிவு. தச்சர், மாலுமி, கூலியாள் என்று ஏழை எளியவர்கள் வாழ்ந்த மரவீடுகள். எங்கெலின் திட்டப்படி அவற்றையும் இடித்திருக்க வேண்டும். யாரும் அவசரப்படவில்லை. 1940-இல் அப்படியே கைத்தொழில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வேறு இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த வீடுகள் அல்ல; ஒவ்வொன்றும் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அந்தக் காலத்துக் கைத்தொழில்களை அங்கேயே செய்தும் காட்டுகிறார்கள்.

அங்கே எங்கள் குழுவுக்கு வந்தவர் அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி. அவர் செய்த ஒரு காரியத்தால் வழிகாட்டிகளை எடைபோட எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. தீ எப்படிப் பிடித்தது என்று யாரோ கேட்டார்கள். ஒரு வணிகர் வீட்டில் ஆரம்பித்தது, ஊரில் பலர் அப்போது தாம்பெரே சந்தைக்குப் போயிருந்தார்கள் என்று சொல்லிவிட்டுக் குரலை மாற்றி, "வேலைக்காரப் பெண் ஒருத்தி மேல் பழி போட்டார்கள். அதை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் பழி மட்டும் இன்றுவரை அவள் மேல்தான் இருக்கிறது" என்றார். ஆவணத்தில் இருப்பது எது, ஊர் வாயில் இருப்பது எது என்று பிரித்துச் சொன்னார். எல்லா வழிகாட்டிகளும் அப்படிச் செய்வதில்லை. பேய்க்கதையையும் அரசாணையையும் ஒரே தொனியில் சொல்கிறவரிடம் நான் இரண்டாம் முறை போவதில்லை.

கோட்டையும் அப்படித்தான். 1280 வாக்கில் கட்டத் தொடங்கியது. தனியாகப் போனால் கல் சுவர், குளிர், படிக்கட்டு, மறுபடி கல் சுவர். என் முழங்காலுக்கு அது போதும் போதும் என்றாகிவிட்டது. வழிகாட்டியோடு போனபோது அவர் எங்களை வாசலில் நிறுத்தி வைத்தே பத்து நிமிடம் பேசினார். இந்தக் கோட்டையைக் கட்டியபோது இது ஒரு தீவு. சுற்றிலும் தண்ணீர். யாரும் மண் கொட்டி மூடிவிடவில்லை. தரைதான் எழுந்து வந்தது. பனியுகத்தில் கிலோமீட்டர்க் கணக்கில் கனமான பனி இந்த நிலத்தை அழுத்தி வைத்திருந்தது. பனி உருகிப் போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆன பிறகும் நிலம் இன்னும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழும்பிக்கொண்டே இருக்கிறது. எழுநூறு ஆண்டில் அது மீட்டர்க் கணக்காகிவிடுகிறது. கடல் ஊருக்குள் வருவதைப் பற்றிய பேச்சையே கேட்டு வளர்ந்த தூத்துக்குடிக்காரிக்கு, கடல் ஊரை விட்டு விலகிப் போகும் கதை புதிது.

அரச குடும்பத்துக் கதைகளும் அங்கே ஏராளம். போலந்து இளவரசி கத்தரீனா யாகெல்லோனிகா 1560-களில் இங்கே வாழ்ந்தபோது முள்கரண்டியை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 'சொல்வார்கள்' என்றுதான் எங்கள் வழிகாட்டியும் சொன்னார், மதிப்பெண் போட்டுக்கொண்டேன். அப்போது பின்லாந்தையும் சேர்த்து ஆண்ட சுவீடன் அரசன் 14-ஆம் எரிக் இதே கோட்டையில் சிறை வைக்கப்பட்டவன். அவன் மணந்த கரின் மான்ஸ்தொத்தர் சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகள். ராணியாகி, பிறகு எல்லாவற்றையும் இழந்து, பின்லாந்துப் பண்ணை வீடொன்றில் வாழ்ந்து 1612-இல் இறந்தார். பேராலயத்தில் அவருடைய கல்லறையைத் தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் காசு வேண்டாம்.

அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஓய்வூதியர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. கேட்டால்தான் சில இடங்களில் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். கோடை முழுவதும் தங்குகிறவர்கள் நாடு முழுவதும் 300-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் ஓராண்டு செல்லும் அருங்காட்சியக அட்டையை வாங்கிக்கொள்வது லாபம். பொது நடைச் சுற்றுலாக்களில் பெரும்பாலானவை ஃபின்னிஷ் மொழியில் நடக்கும். ஆங்கிலத்தில் நடப்பது கோடையில் குறிப்பிட்ட சில நாள்களில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும். காசு கட்டுமுன் மொழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்லாந்தில் வழிகாட்டியாக வேலை செய்ய உரிமம் கட்டாயமில்லை. ஆனால் பயிற்சி முடித்து, தேர்வெழுதி, அந்த ஊருக்கென்று அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரா என்று கேட்பதில் தவறில்லை, அவர்களும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து மணி என்றால் பத்து மணிதான். பத்து மூன்றுக்கு ஓடி வந்த ஓர் இளம் தம்பதி எங்கள் குழுவைத் தெருமுனைவரை துரத்தி வந்து பிடித்தார்கள். யாரும் கடிந்துகொள்ளவில்லை, காத்திருக்கவும் இல்லை. வழிகாட்டியை 'மேடம்' என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. தன்னைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றாது. வயது எதுவானாலும் முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முப்பது வருடம் அலுவலகத்தில் 'அம்மா' என்றும் 'மேடம்' என்றும் அழைக்கப்பட்டவளுக்கு, இருபத்தைந்து வயதுப் பையன் பெயர் சொல்லி அழைத்தபோது ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது உண்மை. பிறகு பிடித்துப்போயிற்று.

கேள்வி உண்டா என்று வழிகாட்டி கேட்பார். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தைக் கண்டு யாருக்கும் விருப்பமில்லை என்று நினைக்க வேண்டாம். நடை முடிந்து கலையும்போது ஒவ்வொருவராக வழிகாட்டியின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்பார்கள். நான் முதலிலேயே கேட்டுவிடுகிற ரகம். என் கேள்விகளால் மற்றவர்களுக்கும் பதில் கிடைத்ததாக ஒரு சுவீடன்காரர் பிறகு சொன்னார். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. சம்பளம் டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறது. நன்றி சொன்னால் போதும். அதையும் நீட்டி முழக்க வேண்டாம்.

துர்க்குவில் ஒரே ஒரு சுற்றுலாவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எதற்குப் போகலாம் என்று கேட்பீர்களானால், தயங்காமல் சொல்வேன்: செய்லி தீவு.

துர்க்குவுக்கு முன்னால் கடலில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் பாறைத் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று செய்லி. கோடையில் படகு போகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மரங்கள், புல்வெளி, சின்ன மரக் கோயில். இறங்கியதும் காட்டுப்பூ வாசனை. எல்லாரும் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். வழிகாட்டி பேசாமல் அவர்கள் முடிக்கும்வரை நின்றார்.

1619-இல் சுவீடன் அரசன் குஸ்தாவ் அடோல்ஃபின் ஆணைப்படி இங்கே தொழுநோயாளிகளுக்கு மருத்துவமனை அமைத்தார்கள். மருத்துவமனை என்பது பெயருக்கு. குணப்படுத்த வழியில்லாத காலம். ஊரிலிருந்து விலக்கி வைப்பதுதான் நோக்கம். வருகிறவர்கள் தங்கள் சவப்பெட்டிக்கான பலகையையும் தாங்களே கொண்டுவர வேண்டும் என்று விதி இருந்ததாகத் தீவில் சொல்லப்படுகிறது. கடைசித் தொழுநோயாளி 1785-இல் இறந்தார். அதற்கு முன்பே மனநோயாளிகளையும் கொண்டுவந்து விட ஆரம்பித்திருந்தார்கள். பின்னாளில் அது பெண்களுக்கு மட்டுமான மனநல இல்லமாயிற்று. 1962-இல் மூடினார்கள்.

1962. இந்த எண்ணைச் சொல்லிவிட்டு வழிகாட்டி நிறுத்தினார். எங்கள் குழுவில் பாதிப்பேர் அதற்கு முன் பிறந்தவர்கள்; அல்லது அவர்களுடைய அம்மாக்கள் அப்போது இளம்பெண்கள். கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதன் பிறகு யாரும் படம் எடுக்கவில்லை.

1733-இல் கட்டிய மரக் கோயிலுக்குள் போனோம். தொழுநோயாளிகளுக்குத் தனியாகத் தடுப்பு வைத்த பகுதி இன்னும் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் அந்தத் தடுப்பு, மரவேலைப்பாடு என்றுதான் தோன்றும். பைத்தியம் என்று முத்திரை குத்தி இங்கே அனுப்பப்பட்ட பெண்களில் சிலருக்கு இன்றைய கண்ணால் பார்த்தால் நோயே இருந்திருக்காது என்றார் வழிகாட்டி. குடும்பத்துக்கு அடங்காதவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள். யாருடைய பெயரையும் அவர் சொல்லவில்லை. கேட்டபோது, அவர்கள் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்று மட்டும் சொன்னார். கதையை விற்பதே தொழிலாக இருக்கிறவர், விற்கக் கூடாத இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

இதே தீவில் 1964-இலிருந்து துர்க்கு பல்கலைக்கழகத்தின் தீவுக்கடல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் இப்போது கடலையும், கடலில் உள்ள சிறு ஹெர்ரிங் மீனையும், உண்ணிகளையும் பற்றி ஆராய்கிறார்கள். உண்ணியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செய்லிக்குப் போகிறவர்கள் ஊருக்குத் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீவில் அடுத்த ஊர் என்று ஒன்று கிடையாது. ஜூலை வெயிலிலும் படகின் மேல்தளத்தில் காற்று எலும்புக்குள் போகும். ஸ்வெட்டரும் காற்றுத் தடுக்கும் மேலுடுப்பும் அவசியம். படகு ஆடுமே என்று பயப்பட வேண்டியதில்லை. தீவுகள் அலையைத் தடுத்துவிடுகின்றன. இந்தக் கடலுக்கு ஏற்ற இறக்கமும் இல்லை, நம் கடல் வாசனையும் இல்லை. உப்பு நம் கடலில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். பத்திய ரசம்போல இருந்தது.

திரும்பும் படகில் வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று விசாரித்தார். தபால் துறை என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மேற்குத் திசையைக் காட்டி, அந்தப் பக்கமாகத்தான் பழைய அஞ்சல் பாதை போயிற்று என்றார். 1638-இல் ஸ்டாக்ஹோமுக்கும் துர்க்குவுக்கும் இடையே அரசு அஞ்சல் வழி ஏற்பட்டது. நடுவே கடலும் ஓலண்ட் தீவுகளும். அஞ்சலைச் சுமந்தவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. வழியில் இருந்த விவசாயிகள். அது அவர்கள் மேல் விழுந்த கடமை. கோடையில் துடுப்புப் போட்டார்கள். குளிர்காலத்தில் கடல் பாதி உறைந்தும் பாதி உறையாமலும் கிடக்கும்போது, படகைப் பனிமேல் இழுத்தும், பனி உடைந்த இடத்தில் ஏறித் துழாவியும் கடந்தார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த நினைவாகச் சுவீடன் கரைக்கும் ஓலண்டுக்கும் இடையே இன்றும் ஆண்டுதோறும் பழைய பாணிப் படகுகளில் கடந்து காட்டுகிறார்கள். மழைக்காலத்தில் தபால் பை நனைந்துவிட்டது என்று விளக்கக் கடிதம் எழுதிய நாள்களை நினைத்துக்கொண்டேன். பயணத் திட்டத்தில் இல்லாத இந்தச் செய்தி, குழு சிறியதாக இருந்ததால் கிடைத்தது. பதினைந்து பேருக்கு மேல் போகும் எந்தச் சுற்றுலாவிலும் யாரும் உங்கள் தொழிலைக் கேட்கப் போவதில்லை. எத்தனை பேரைச் சேர்ப்பார்கள் என்பதை நான் இப்போது விலைக்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.

தீவுகளை வழிகாட்டி இல்லாமல் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நல்ல செய்தி: பராய்னென், நௌவோ, கோர்ப்போ என்று தீவுக்குத் தீவு சாலையைத் தொடர வைக்கும் மஞ்சள் நிறப் படகுகள் பெரும்பாலும் இலவசம். பஸ்ஸோடு சேர்த்தே படகில் ஏற்றிவிடுவார்கள். காலையில் துர்க்குவில் பஸ் ஏறி, நௌவோ துறைமுகத்தில் சாப்பிட்டு, மாலையில் திரும்பிவிடலாம். அங்கே சுவீடிஷ் பேசுகிறவர்களே அதிகம். பெயர்ப் பலகையில் அந்த மொழிதான் மேலே இருக்கும். பஸ் நிறுத்தத்தில் குழம்பிவிடாமல் இரண்டு பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சௌனா, அதாவது சூடான அறைக்குள் உட்கார்ந்து வியர்க்கும் நீராவிக் குளியல். யுனெஸ்கோ 2020-இல் பின்லாந்தின் சௌனா வழக்கத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு வழக்கங்களுக்கான பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகள் பல முறை கூப்பிட்டும் போகாதவள், பெண்கள் மட்டும் கொண்ட ஒரு சிறு குழுவுக்கான அனுபவச் சுற்றுலா என்று அறிந்து பெயர் கொடுத்தேன். இந்த இடத்தில் வழிகாட்டி கட்டாயம் தேவை. ஏனென்றால் விதிகள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லாருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும், யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியது, ஆண்களும் பெண்களும் சேர்ந்தா, தனித்தனியா என்பது. சேர்ந்து என்றால் நீச்சலுடை. தனித்தனி என்றால் பல இடங்களில் ஆடையே கிடையாது. நீச்சலுடையோடு உள்ளே வருவதை அழுக்கான செயலாகக்கூட நினைப்பார்கள். எங்கள் குழுவில் விருப்பம்போல் இருக்கலாம் என்றார்கள். நான் பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டேன். ஒருவரும் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. என் கூச்சம் அதைப் பார்த்தே பாதி போயிற்று. உள்ளே போகுமுன் நன்றாகக் குளிக்க வேண்டும். உட்காரும் பலகையில் சிறு துண்டு விரிக்க வேண்டும். மேல் பலகையில் சூடு அதிகம். புதிதாகப் போகிறவர்கள் கீழ்ப் பலகையில் உட்காரலாம், அதில் அவமானம் எதுவுமில்லை. சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றுமுன் மற்றவர்களைக் கேட்க வேண்டும்.

எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாத ஒன்றை நம் பெண்களுக்காகச் சொல்கிறேன். தாலிச் சங்கிலி, வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே 80 பாகைக்கு மேல் சூடு. தங்கம் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு போகலாம்; என்னோடு வந்த, மகளுடைய தோழியின் தாயார் அப்படித்தான் செய்தார். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். தலை சுற்றுவதுபோல் இருந்தால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தோம் என்று அங்கே யாரும் கணக்கு வைப்பதில்லை.

நடைச் சுற்றுலாவில் வாயே திறக்காத அந்த ஊர்ப் பெண்கள், சௌனாவுக்குள் பேசினார்கள். ஒருவர் தன் மாமியாரைப் பற்றிப் பேசினார்; விஷயம் நமக்கு மிகவும் பழக்கமானது. பிறகு கடலில் இறங்கினோம். ஜூலையிலும் தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது. அவர்கள் குளிர்காலத்தில் பனியில் துளை போட்டு இறங்குகிறார்களாம். அதற்கும் சுற்றுலா இருக்கிறது. அதற்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை.

காட்டில் பழமும் காளானும் பறிக்கும் சுற்றுலாக்களில் பழத்துக்கு வழிகாட்டி வேண்டாம், காளானுக்குக் கட்டாயம் வேண்டும். காடு யாருடையதாக இருந்தாலும் யாரும் நடக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம் என்பது அங்கே எல்லாருக்கும் உள்ள உரிமை. வீட்டு முற்றத்துக்குள் நுழையக் கூடாது, நிலக்காரரைக் கேட்காமல் தீ மூட்டக் கூடாது. ஜூலைக் கடைசியிலிருந்து நீலப்பழம், செப்டம்பரில் சிவப்பு லிங்கன்பழம். ஒரு டப்பாவோடு போனால் போதும். காளான் அப்படி அல்ல. கொர்வசியெனி என்ற காளானை அந்த ஊர்க்காரர்கள் பலமுறை கொதிக்க வைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டுத் தின்கிறார்கள். சரியாகச் சமைக்காமல் தின்றால் உயிரையே எடுக்கும். நான் ஆசையாய்ப் பறித்து நீட்டியவற்றில் பெரும்பாலானவற்றை வழிகாட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் புதருக்குள் எறிந்தார்.

காட்டிலும் தீவுகளின் புல்லிலும் உண்ணி உண்டு. அது கடித்தால் லைம் நோயும், மூளைக் காய்ச்சலும் வரக்கூடும். பராய்னென் பகுதியில் வசிப்பவர்களுக்கு மூளைக் காய்ச்சல் தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோடை முழுவதும் தங்குகிறவர்கள் மருத்துவரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். ஒருநாள் போகிறவர்கள் முழுக்கால் உடை அணிந்து, காலுறைக்குள் அதைச் செருகி, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பார்க்க வேண்டும். சேலை அன்றைக்கு வேண்டாம்.

ஜூன் மூன்றாவது, நான்காவது வாரத்தில் வரும் யுஹன்னுஸ் என்ற நடுக்கோடைப் பண்டிகை விடுமுறையில் ஊர்ச் சுற்றுலா எதையும் பதிவு செய்யாதீர்கள். அந்த வாரக் கடைசியில் ஊரே கடலோர வீடுகளுக்குப் போய்விடும். கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. குளிர்காலம் வேறு மாதிரி. டிசம்பர் பிற்பகுதியில் பகல் வெளிச்சம் 6 மணி நேரம்கூட இல்லை. அந்த மாதம் வருகிறவர்கள் 24-ஆம் தேதி நண்பகல் பழைய பெருஞ்சதுக்கத்துக்குப் போகலாம். பேராலய மணி பன்னிரண்டு அடித்ததும், பிரின்கலா மாளிகையின் உப்பரிகையிலிருந்து பண்டிகையை அமைதியாகக் கொண்டாடச் சொல்லும் கிறிஸ்துமஸ் அமைதி அறிவிப்பை ஃபின்னிஷிலும் சுவீடிஷிலும் வாசிப்பார்கள். இடைக்காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. 1935-இலிருந்து வானொலியில் நாடு முழுவதும் கேட்கிறார்கள். இதற்கும் வழிகாட்டியோடு தொகுப்புச் சுற்றுலா விற்கிறார்கள். வேண்டாம். சதுக்கம் எல்லாருக்கும் பொது. பதினொன்றரைக்கு முன்னால் போய் இடம் பிடித்து, இரண்டு கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு நின்றால் போதும். ஆனால் அன்று பிற்பகலில் கடைகள் மூடிவிடும், பஸ்களும் நின்றுவிடும். நடந்து திரும்பும் தூரத்தில் தங்கியிருந்தால் மட்டும் போங்கள். போகுமுன் சோறு வடித்து வைத்துவிடுங்கள்.